நூற்றுப் பதினாறு

பனையைக் குடைந்த தோணி.
பதினோரு பெட்டி ஏற்றியதும்
விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் மிச்சம்.
பன்னிரண்டாவதைத் தூக்கிக் கரையில் வைத்தான் கொவாங்.
"அது எந்தப் பிள்ளையுடையது?" என்றேன்.
ஒரு பெட்டி என்பது ஏறக்குறைய ஒரு பிள்ளை,
அது அவனுக்கும் தெரியும்.
"கவிழ்ந்தால் எல்லாப் பிள்ளையுடையதும்" என்று
கோலை ஊன்றினான்.

வெள்ளை நைல் இங்கே ஆறில்லை.
எங்கே போவதென்று மறந்துபோன தண்ணீர்.
போன மாதம் நாங்கள் வெட்டிய தடத்தைக்
கோரை மூடிவிட்டது.
ஒரு கறையான் புற்றின் தலைமேல்
ஓர் இரவு.
கொசுவுக்கு மட்டும் அன்று பஞ்சமில்லை.

மறுநாள் உச்சிக்கு மேல் தோணியும் ஓடவில்லை.
தார்ப்பாயின் நாலு முனையை முடிந்து
தூளிபோல் கட்டிப்
பெட்டிகளை மிதக்கவிட்டோம்.
நெஞ்சளவு நீரில் அவன் இழுக்க, நான் தள்ள.
இதே போலொரு பாயில்தான்
பிரசவ வலி கண்டவர்களையும் இழுத்துவருவார்கள்,
எதிர்த் திசையில்.

மேட்டில் பதினாறு குடில்கள்.
பகலெல்லாம் பெண்கள் சேறு அள்ளி அணை வைப்பார்கள்.
இரவில் மாடுகள் மிதித்துக் கலைக்கும்.
அடுப்பில் அல்லி அரிசி.
அதைப் புடைக்க ஒரு நாள், வேகவைக்க அரை நாள்,
உண்ண நாலு வாய்.

நான் நாடாவை எடுத்தேன்.
இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே.
சிவப்பு. சிவப்பு. பச்சை (அழுது ஓடியது).
சிவப்பு. வீங்கிய பாதம், அழுத்திய இடத்தில் என் விரலின் குழி
அப்படியே நின்றது.
பொட்டலத்தின் முனையைக் கிள்ளி
வாயில் வைத்தால் சப்ப வேண்டும். அதுதான் சோதனை.
ஒருத்தி சப்பினாள், பிறகு என் விரலையும்.

நியாவெச் தன் மகனை இடுப்பிலிருந்து இறக்கினாள்.
பியேல், பதினான்கு மாதம்.
நூற்றுப் பதினாறு மில்லிமீட்டர்.
நூற்றுப் பதினைந்துக்குக் கீழே என்றால் சிவப்பு.
"மஞ்சள்" என்றேன்.
மஞ்சளுக்கு உரியது இந்தப் பருவம் வரவில்லை,
எங்கோ ஓர் ஊரில் ஒரு கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது
என்றும் சொன்னேன்.
அவள் சண்டை போடவில்லை.
நாடாவைக் கையில் வாங்கி
மஞ்சள் முடியும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"சிவப்பாக எத்தனை நாள் ஆகும்?"

சந்தைக்கு எத்தனை தூரம் என்று கேட்பதுபோல்
கேட்டாள்.
"அதுவரை இங்கேயே இருப்பீர்களா,
இல்லை நான் தூக்கிக்கொண்டு வரவா?"

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.
மூன்று நாள் பயிற்சி, ஐம்பது பக்கம்,
தளர்வாகவும் பிடிக்காதே, இறுக்கவும் செய்யாதே என்று
ஒரு படம்.

இரண்டாம் முறை அளந்தேன்.
எப்படிப் பிடித்தேன் என்பதைக் கொவாங் பார்த்தான்.
பார்த்துவிட்டுத் தன் கோலில்
இல்லாத சிம்பு ஒன்றைப் பிடுங்கத் தொடங்கினான்.
படிவத்தில் நூற்றுப் பதினான்கு என்று எழுதினேன்.
என் எழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

சிவப்புகள் பத்து இருந்தன.
பியேலோடு பதினொன்று.
சரி என்று மூச்சுவிட்டபோது
அணைக்கு அப்பாலிருந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டு
ஒரு பெண் வந்தாள், தலைமேல் ஒரு பிள்ளை.
நாடாவை எடுக்கவே தேவையில்லை.

எல்லாப் பெட்டியையும் பிரித்துப்
பன்னிரண்டு பங்காக எண்ணினேன்.
யாருக்கும் பருவம் முழுக்கப் போதாது.
என் ஒரு மில்லிமீட்டரை
ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்.
நியாவெச் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நான் பொட்டலங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது தோணி உயரத்தில் மிதந்தது,
எதுவும் நடக்காததுபோல்.
இருவரும் பேசவில்லை.

கரையில் பன்னிரண்டாவது பெட்டி இருந்தது.
ஓர் ஆடு ஒரு மூலையைத் தின்று
ஏழு பொட்டலத்தைக் கிழித்திருந்தது.
அதன் தாடியில் கடலை விழுது.
ஆட்டை யார் அளப்பது?

மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.
கொவாங் கோலைக் கீழே வைக்கவில்லை.
"ஏறு" என்றான்.